மீன் கோர்வையில் இருந்து பாம்பன் பாலம் வரை: சின்னப் பிள்ளைகளுக்கு இடமதிப்பு விளையாட்டுகள்

இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று முதல் நூறு வரை மூச்சு விடாமல் சொல்லும். கரும்பலகையில் 23 எழுதச் சொன்னால் எழுதிவிடும். அதே பிள்ளையிடம் 23 புளியங்கொட்டையைக் கொடுத்து, ‘இந்த 2 எவ்வளவுன்னு கொட்டையில காட்டு’ என்று கேளுங்கள். இரண்டே இரண்டு கொட்டையை நகர்த்தும். ‘3 எவ்வளவு?’ என்றால் மூன்றை நகர்த்தும். மீதி 18 கொட்டை ஏன் சும்மா கிடக்கிறது என்று அதற்குத் தோன்றுவதே இல்லை. இங்கே 2 என்றால் இரண்டு பத்து, இருபது கொட்டை. இலக்கம் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதன் மதிப்பு மாறுவதைத்தான் இடமதிப்பு என்கிறோம்.

கணிதக் கல்வியில் இது தெரிந்த சோதனைதான். கல்வி ஆய்வாளர் கான்ஸ்டன்ஸ் கமீ 1980களில் 16 என்ற எண்ணை வைத்து இதைச் செய்து பார்த்தார். வகுப்பு ஏறிய பிறகும் பல பிள்ளைகள் 16இல் உள்ள 1ஐ ஒற்றை ஒன்றாகவே காட்டினார்கள். கடன் வாங்கிக் கழிப்பதும் நீள் வகுத்தலும் பின்னால் தகராறு செய்வதற்கு வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

ராமநாதபுரம் கடற்கரைப் பள்ளிகளை, அதாவது தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம், தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்துப் பிள்ளைகளை, மனதில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். ஒன்று முதல் மூன்று வரையுள்ள வகுப்புகளுக்குப் பொருந்தும்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மீன், கடல் என்று பாடத்துக்கு ஒரு கருப்பொருள் வைக்கலாம் என்றதும் சுவர் முழுக்க மீன் படம் ஒட்டுவதோடு நின்றுவிடுகிறோம். ஒட்டலாம், தப்பில்லை. ஆனால் அந்த மீன் கணக்குக்குள் வந்து ஏதாவது வேலை செய்ய வேண்டும். ‘ஏன் பத்துப் பத்தாகக் கட்ட வேண்டும்?’ என்ற கேள்விக்குக் கதையே பதில் சொன்னால் அது நல்ல கருப்பொருள். கடற்கரையில் அந்தப் பதில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வல்லம், அதாவது மீன்பிடிப் படகு, கரைக்கு வந்ததும் மீனைச் சீக்கிரம் எண்ண வேண்டும், எண்ணிக்கை தவறக் கூடாது, நேரம் போனால் மீன் கெட்டுவிடும்.

முதலில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள்

மேலே சொன்ன கொட்டைச் சோதனையை ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும். முழு வகுப்பையும் வைத்துக் கேட்டால் ஒருவர் சொன்னதையே எல்லோரும் சொல்வார்கள். தவறாகக் காட்டினால் திருத்தாதீர்கள், முகத்தையும் மாற்றாதீர்கள். குறித்துக்கொண்டு அனுப்பிவிடுங்கள். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருப்பீர்கள். அந்தப் பிரிவும் இந்தச் சோதனையும் எப்போதும் ஒத்துப்போகும் என்று நினைக்க வேண்டாம். வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பிக்கும் மலர்ப் பிள்ளையும் இதில் இரண்டு கொட்டையை நகர்த்தலாம்.

பொருள்களைச் செய்வது

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளைச் சேர்த்து, விரல் நீளத்துக்கு மீன்களாக வெட்டுங்கள். கண் இருக்கும் இடத்தில் பஞ்சிங் மெஷினால் ஒரு துளை. ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு 120 மீன் வேண்டும். வெட்டுவதற்கு மேல் வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோர்ப்பதற்கு வலை பின்னும் நைலான் நூல்தான் நல்லது, பல வீடுகளில் சும்மாவே கிடக்கும். ஒரு சாண் நீளத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வெட்டி, ஒரு முனையை மெழுகுவர்த்தியில் லேசாகக் காட்டினால் உருகி இறுகிக்கொள்ளும். அப்புறம் ஊசி இல்லாமலே துளைக்குள் போகும். இதை நீங்கள்தான் செய்ய வேண்டும், பிள்ளைகள் கையில் நெருப்பு வேண்டாம். மறுமுனையில் ஒரு முடிச்சு. பத்து மீன் கோர்த்ததும் சுருக்கு முடிச்சுப் போடச் சொல்லுங்கள். கடல் தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகள் உங்களைவிட அழகாகப் போடுவார்கள். இழுத்தால் அவிழ வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

பத்து மீன் ஒரு கோர்வை. பத்துக் கோர்வை ஒரு பெட்டி. பெட்டிக்குச் சின்னப் பனை ஓலைப் பெட்டி கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி.

கடைகளில் விற்கும் பத்தடிமானக் கட்டைகளே (ஒன்று, பத்து, நூறு அளவில் செய்த எண்ணும் கட்டைகள்) போதாதா என்று கேட்கலாம். கணிதக் கல்வியாளர் சோல்தான் டீன்ஸ் பரப்பிய அந்தக் கட்டைகளும், மாண்டிசோரியின் பொன்மணிகளும் நல்ல கருவிகள்தான். ‘பத்து’ என்பது ‘ஒன்றை’விடப் பத்து மடங்கு பெரிதாகவே கண்ணுக்குத் தெரியும். ஆனால் கட்டையில் பத்து ஒட்டியே வருகிறது, அவிழாது. மாற்றித்தான் வாங்க வேண்டும். கோர்வையைப் பிள்ளை தன் கையால் கட்டுகிறது, தன் கையால் அவிழ்க்கிறது. தொடக்கத்துக்கு இதுதான் என் கட்சி.

ரூபாய் நோட்டையும் மணிச்சட்டத்தையும் முதலில் எடுக்க வேண்டாம். பத்து ரூபாய்த் தாளைப் பார்த்தால் அதற்குள் பத்து ஒரு ரூபாய் தெரிவதில்லை. மணிச்சட்டத்தில் பத்தாம் இடத்து மணியும் ஒன்றாம் இடத்து மணியும் ஒரே அளவு. கோர்வை மனதில் பதிந்த பிறகு அவை வரட்டும்.

கடற்கரையில் பொறுக்கிய சிப்பியை வைத்து எண்ணலாம், ஆனால் அளவு ஒன்றுபோல் இருக்காது. பிள்ளைகளை விட்டுப் பொறுக்கிவரச் சொன்னால் பவளத் துண்டும் சேர்ந்து வரும். பவளமும் கடல் அட்டையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுபவை. 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் வாசலில் இருந்துகொண்டு அதை வகுப்புக்கு எடுத்துவரச் செய்ய வேண்டாமே.

முதல் விளையாட்டு: எண்ணிக்கை தவறுது!

கட்டுவதற்கு முன்னால், கட்ட வேண்டிய தேவையை உண்டாக்க வேண்டும். ஒரு குழுவின் முன் 47 மீனை உதிரியாகக் கொட்டுங்கள். எத்தனை என்று சொல்லாதீர்கள். ஒரு பிள்ளை கணக்குப்பிள்ளை, சத்தமாக எண்ண வேண்டும். இன்னொரு பிள்ளை வியாபாரி. அதன் வேலை நடுநடுவே வந்து தொந்தரவு செய்வது: ‘நண்டு இருக்கா?’, ‘எம்புட்டு மீனுப்பா?’, ‘நேத்து பாக்கி என்னாச்சு?’

எண்ணிக்கை தவறும். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். மறுபடி தவறும். வகுப்பு சிரித்துக் கிடக்கும். எரிச்சல் நன்றாக ஏறியதும் கேளுங்கள்: ‘தொந்தரவு பண்ணினாலும் தவறாம எண்ண என்ன செய்யலாம்?’

உடனே நீங்கள் பதில் சொல்லிவிடக் கூடாது. ஐந்தைந்தாகக் குவிக்கலாம் என்று ஒரு பிள்ளை சொல்லும். இரண்டிரண்டாக என்று இன்னொன்று. எல்லாமே சரிதான், எல்லாவற்றையும் செய்து பார்க்கட்டும். சந்தையில் கூறு கட்டி விற்பதைப் பார்த்த பிள்ளை கூறு போடலாம் என்று சொல்லக்கூடும். அருமையான இடம் அது. ‘இந்தக் கூறுல எத்தனை மீன், அந்தக் கூறுல எத்தனை?’ என்று கேளுங்கள். கூறுக்குக் கூறு மாறும், ஆகவே கூறை எண்ணினால் மீன் எண்ணிக்கை தெரியாது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். எல்லாக் குவியலும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்ற விதி அங்கே பிறக்கிறது. ‘நம்ம கையில விரல் பத்து, அதனால பத்தாகவே கட்டுவோம்’ என்று அப்போது நீங்கள் முடிவு சொல்லலாம்.

இப்போது அதே 47ஐக் கோர்த்து, அதே வியாபாரியை மறுபடி அனுப்புங்கள். நாலு கோர்வை, ஏழு உதிரி. எத்தனை தடவை தொந்தரவு செய்தாலும் நாலு நாலாகவே இருக்கிறது. அன்றைக்கு எண்ணை எழுத வேண்டாம். இடமதிப்பு என்ற பெயரையும் சொல்ல வேண்டாம். நாலு கோர்வை ஏழு என்று வாயால் சொன்னால் போதும்.

வல்லம் கரை சேருது

குழுவுக்கு ஒரு பாய். பாயின் முன் தரையில் சாக்பீஸால் மூன்று அறை போடுங்கள்: வலது ஓரம் உதிரி, நடுவில் கோர்வை, இடது ஓரம் பெட்டி. பகடையை உருட்டி, விழுந்த எண்ணுக்கு மீன் எடுத்து உதிரி அறையில் வைக்க வேண்டும். விதி ஒன்றே ஒன்று: உதிரி அறையில் ஒன்பதுக்கு மேல் மீன் இருக்கக் கூடாது. பத்து சேர்ந்ததும் கோர்த்து நடு அறைக்கு நகர்த்த வேண்டும். மறந்துவிட்டால் பக்கத்துக் குழுப் பிள்ளை ‘மீன் கெடுது!’ என்று கத்தலாம், அடுத்த முறை இவர்களுக்கு இல்லை. ஒரு பெட்டி நிரப்பும் குழு முதலில் கரை சேர்ந்தது.

ஏழு உதிரி இருக்கிறது, பகடையில் 5 விழுகிறது. இந்த இடத்தில் பிள்ளையின் கையைக் கவனியுங்கள். ஒரு பிள்ளை ஐந்தையும் வைத்துவிட்டு முதலிலிருந்து பன்னிரண்டு எண்ணும். இன்னொரு பிள்ளை மூன்றை மட்டும் எடுத்து ஏழோடு சேர்த்துக் கோர்வை ஆக்கிவிட்டு, மீதி இரண்டை வைக்கும். இரண்டாவது பிள்ளையிடம் எப்படிச் செய்தாய் என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேளுங்கள். அது சொல்லும் விளக்கம் உங்கள் விளக்கத்தைவிடச் சீக்கிரம் பரவும்.

ஒரு பாட வேளையில் பெட்டி நிரம்பாது. பகடை சராசரியாக மூன்று நாலுதான் தரும், முப்பது உருட்டலாவது ஆகும். பாதியில் நிறுத்தி, பாயைக் கலைக்காமல் எண்ணிக்கையை ஒரு தாளில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். ‘6 கோர்வை 4 உதிரி’ என்று சிலர் எழுதுவார்கள், சிலர் படம் வரைவார்கள். மறுநாள் அந்தத் தாளைப் பார்த்தே பாயை அமைக்க வேண்டும். எழுதும் தேவை இப்படி வரும்போது, ‘சுருக்கமா 64ன்னு எழுதலாம், நடு அறை எண் முன்னாடி, வலது அறை எண் பின்னாடி’ என்று சொல்லிக்கொடுங்கள்.

ஏலம் போகுது: அவிழ்க்கும் பாடம்

கட்டுவதை எல்லோரும் கற்பிக்கிறோம், அவிழ்ப்பதை விட்டுவிடுகிறோம். கடன் வாங்கிக் கழித்தல் என்று பின்னால் வரப்போவது அவிழ்ப்பதேதான்.

ஒரு முழுப் பெட்டியோடு தொடங்குங்கள். பகடையில் விழும் எண்ணிக்கைக்கு மீன் விற்க வேண்டும். முதல் உருட்டலிலேயே தலைவலி: 4 மீன் கேட்கிறார்கள், உதிரியே இல்லை. கோர்வை அறையும் காலி. பெட்டியைத் திறந்து பத்துக் கோர்வையை நடு அறைக்குக் கொண்டுவந்து, அதில் ஒன்றின் சுருக்கை இழுத்து அவிழ்த்து, பத்து உதிரியில் நாலைக் கொடுக்க வேண்டும். மிச்சம் 9 கோர்வை, 6 உதிரி. நூறிலிருந்து நாலைக் கழிக்க ஏன் இரண்டு இடம் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கரும்பலகைக் கணக்கும் காட்டாது. அவசரப்படுத்தாமல் விடுங்கள். விளையாட்டுகளில் இதற்கே அதிக நாள் கொடுப்பேன்.

கலங்கரை விளக்கம்: பூச்சியத்துக்காக

சன்னல்களைச் சாத்துங்கள். இரண்டு பிள்ளைகள் கையில் டார்ச். ஒன்று கோர்வை விளக்கு, மற்றது உதிரி விளக்கு. கோர்வை விளக்கு மூன்று முறை மின்னி, உதிரி விளக்கு ஐந்து முறை மின்னினால் 35. மற்றவர்கள் சிலேட்டில் எழுத வேண்டும்.

ஒரு சின்ன விஷயம். விளக்குப் பிள்ளைகள் வகுப்பைப் பார்த்து நின்றால் அவர்களின் இடம் வலம் மாறிவிடும். கரும்பலகையைப் பார்த்து, முதுகு காட்டி நின்று, டார்ச்சைப் பலகை மேல் அடிக்கச் சொல்லுங்கள். பார்ப்பவர்களுக்கும் அடிப்பவர்களுக்கும் ஒரே இடது.

நாலைந்து எண் ஆன பிறகு கோர்வை விளக்கு நாலு முறை மின்னட்டும், உதிரி விளக்கு அணைந்தே இருக்கட்டும். சில சிலேட்டில் 4 என்று இருக்கும், சிலவற்றில் 40. இரண்டையும் தூக்கிக் காட்டச் சொல்லி, ‘4ன்னு எழுதினா, வெறும் நாலு உதிரி மீன் வந்தா எப்படி எழுதுவ?’ என்று கேளுங்கள். இருட்டாக இருந்த விளக்குக்கும் ஓர் அடையாளம் வேண்டும் என்பது அப்போது புரியும்.

பாம்பன் பாலம்: 99க்கு அப்புறம்

2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் 99 சாதாரணக் கண்கள் (கண் என்பது இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ள பகுதி). அதோடு கப்பலுக்கு வழிவிட மேலே ஏறும் ஒரு கண், 72.5 மீட்டர் நீளம், 17 மீட்டர் உயரம் வரை ஏறும். ஆக மொத்தம் 100. இடமதிப்பு சொல்லித்தர இதைவிட நல்ல பாலம் எங்கே கிடைக்கும்!

தாழ்வாரத்தில் நூறு கட்டம் வரையுங்கள், பத்துப் பத்துக் கட்டமாக நிறம் மாற்றி. கடைசிக் கட்டம் தூக்குக் கண். உண்மைப் பாலத்தில் அது கடைசியில் இல்லை. பாம்பன்காரப் பிள்ளை யாராவது அதைச் சுட்டிக்காட்டுவார்கள், சரி என்று ஒப்புக்கொண்டு தொடருங்கள். தீப்பெட்டி ரயில் ஒன்று. பையில் ‘ஒன்று’, ‘பத்து’ என்று எழுதிய சீட்டுகள். ஒன்று வந்தால் ஒரு கட்டம், பத்து வந்தால் எண்ணாமல் ஒரே தாவலில் அடுத்த நிறத்தின் அதே இடத்துக்கு. 34இலிருந்து 44க்குத் தாவும்போது பின்னால் உள்ள 4 அசையவே இல்லை என்பதை யாராவது சொல்லும்வரை காத்திருங்கள்.

ரயிலின் எண்ணைக் காட்ட மூன்று பிள்ளைகள் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் 0 முதல் 9 வரை பத்துத் தாள் கொண்ட கட்டு. பழைய தினசரிக் காலண்டர்த் தாளின் பின்பக்கம் போதும். யாரிடமும் 10 என்ற தாள் கிடையாது, இதுதான் சூட்சுமம். உதிரிப் பிள்ளை 9 காட்டும்போது ரயில் இன்னொரு கட்டம் போனால் அதனிடம் அடுத்த தாள் இல்லை. 0க்குத் திரும்பி, இடப்பக்கம் நிற்கும் கோர்வைப் பிள்ளையின் தோளைத் தட்ட வேண்டும். அது ஒரு தாளைப் புரட்டும்.

மூன்றாவது பிள்ளை, பெட்டிப் பிள்ளை, விளையாட்டு முழுக்கச் சும்மா நிற்கும். தன் தாள் கட்டை மூடியே வைத்திருக்கும். ‘டீச்சர், எனக்கு மட்டும் ஒண்ணுமே இல்ல’ என்று சிணுங்கும். பொறு கண்ணு, உன் நேரம் வரும் என்று சொல்லுங்கள். ரயில் 99இல் நிற்கிறது. பத்துச் சீட்டு இனி செல்லாது, ஒன்றுச் சீட்டுதான் வேண்டும். வந்ததும் உதிரிப் பிள்ளை 0க்குப் போய்த் தோளைத் தட்டுகிறது. கோர்வைப் பிள்ளையிடமும் 9க்கு மேல் தாள் இல்லை, அதுவும் 0க்குப் போய் அடுத்த தோளைத் தட்டுகிறது. பெட்டிப் பிள்ளை முதல் முறையாகக் கட்டைத் திறந்து 1 காட்டும். வகுப்பே கப்பல் சங்கு ஊதும். அடுத்த சுற்றில் பெட்டிப் பிள்ளையாக நிற்க அடிதடி நடக்கும், அதைச் சமாளிப்பது உங்கள் பாடு.

வாயில் வருவதும் கையில் வருவதும்

தமிழ் எண்ணுப் பெயர்கள் இடமதிப்புக்குப் பெரும்பாலும் துணை நிற்கின்றன. பதினேழு, இருபத்து மூன்று என்று எழுதும் வரிசையிலேயே சொல்கிறோம். ஆங்கில வழிப் பிரிவில் தேர்ட்டீன், தேர்ட்டி குழப்பம் தனி. அங்கே ‘ஒரு கோர்வை மூணு’, ‘மூணு கோர்வை’ என்று கூடவே சொல்ல வையுங்கள்.

தமிழிலும் இரண்டு பள்ளங்கள் உண்டு. தொண்ணூறில் நூறு ஒலிக்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கிறது. அதனால் தொண்ணூற்று ஐந்தைச் சில பிள்ளைகள் மூன்று இலக்கத்தில் எழுதும். ஒன்பது கோர்வையைத் தூக்கிக் காட்டி, பெட்டி நிரம்பியதா என்று கேட்டாலே தெளியும். அடுத்தது நூற்று ஐந்தை 1005 என்று எழுதுவது: காதில் கேட்ட நூறை அப்படியே எழுதி, பக்கத்தில் ஐந்தை எழுதுகிறது. இதற்கு அடுக்கு அட்டை செய்யுங்கள். 100 என்று நீள அட்டை, 5 என்று குட்டி அட்டை. வலது ஓரம் ஒட்டினாற்போல் குட்டியை நீளத்தின் மேல் வைத்தால் கடைசிப் பூச்சியம் மறைந்து 105 தெரியும். தூக்கினால் நூறு முழுசாக அடியில் இருக்கும்.

சிறிய ஏலக்களம்

விளக்கமே தேவையில்லாத விளையாட்டு இது. ஒவ்வொருவரும் சிலேட்டில் இரண்டு கட்டம் போட வேண்டும். பையிலிருந்து 0 முதல் 9 வரையுள்ள சீட்டில் ஒன்றை எடுத்துப் படியுங்கள். அடுத்த சீட்டு வரும் முன் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று முடிவு செய்துவிட வேண்டும், அழிக்கக் கூடாது. பெரிய எண் எழுதியவருக்கு மீன். 6 வந்தால் முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்று மண்டையைச் சொறிவார்கள். ஒரு சுற்று சின்ன எண்ணுக்குப் பரிசு என்று மாற்றினால் யோசனை முழுவதும் தலைகீழாகும். பழகியதும் மூன்று கட்டம்.

மூன்றாம் வகுப்புக்கு: 1212 தூண்

ராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிராகாரத்தில் 1212 தூண்கள் என்பது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காதில் விழுந்த எண்ணாகவே இருக்கும். அடுக்கு அட்டையில் 1000, 200, 10, 2 வைத்து அதை அமைக்கச் சொல்லுங்கள். இரண்டு 2 இருக்கிறது, எது பெரிது, எவ்வளவு பெரிது? 200க்கும் 2க்கும் வித்தியாசம் 198. இரண்டு 1களுக்கும் அதே கேள்வி: 990.

அப்புறம் கடினமான கேள்வி. ‘தூணுக்கு ஒரு அகல் விளக்கு வைக்கணும். பத்துப் பத்தா அடுக்கின பெட்டியாத்தான் கடையில தருவாங்க. எத்தனை பெட்டி வாங்கணும்?’ பத்தாம் இடத்தில் 1தானே இருக்கிறது என்று ஒரு பெட்டி சொல்லும் பிள்ளைகள் இருப்பார்கள், ஒளிவுமறைவில்லாமல் சொன்னால் நிறையவே இருப்பார்கள். அவர்களுக்குப் பழைய மீனையே எடுங்கள். ஒரு பெட்டி, ஒரு கோர்வை, இரண்டு உதிரி, மொத்தம் 112 மீன். ‘மொத்தம் எத்தனை கோர்வை?’ ஒன்று என்பார்கள். பெட்டி மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே பத்து, வெளியே ஒன்று, பதினொன்று. அதே வழியில் 212, 312 என்று ஏறி 1212க்கு வந்தால் 121 கோர்வை, மேலே 2 உதிரி என்று வரும். அந்த இரண்டு விளக்குக்காக இன்னொரு பெட்டி வாங்குவதா, கடைக்காரரிடம் உதிரியாகக் கேட்பதா என்று வகுப்பு பேசி முடிவு செய்யட்டும்.